கத்தரிக்கு விட்ட பாதி

தோள் வலி அவனுக்கு முன்பே எழுந்துவிடும். அவன் கண்ணைத் திறப்பதற்குள் அது முதுகில் இறங்கி, விரல் நுனிவரை ஒரு நடை போய்வந்து, தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கிரஷர் வாயில் சிக்கிய கல்லை நெம்பும்போது கடப்பாரை திருப்பி அடித்த தோள். எலும்பு கூடியது, கூடிய இடம்தான் சரியில்லை. ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். குவாரியில் பட்டப்பெயருக்குப் பஞ்சமில்லை. ஒத்தைத்தோள் என்றார்கள். அதுவே ஒட்டிக்கொண்டது.

வலியோடுதான் அன்றைக்கும் குவாரி ஆபீசுக்குப் போனான். தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஜன்னல் கம்பியில் மாவு போலப் படிந்த கல்தூசி. மேஸ்திரி அலமாரியைத் திறந்து, ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்த எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கல்லு தூக்க முடியாதவனுக்கு இதுதான் வேலை. இதுவும் கனக்குதுன்னு சொல்லிடாதப்பா."

"என்னண்ணே இது?"

"கேமரா. கேட் பாசுக்குப் போட்டோ எடுக்கணும். பாஸ் இல்லாம எவனும் பள்ளத்துல இறங்கக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு."

உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கேமரா. ஆனால் கல் போன்ற கனம். லென்ஸைச் சுற்றி, ஈயின் கண் மாதிரி, சின்னச் சின்னக் கொப்புளங்களாய் ஒரு கண்ணாடி வளையம். முதுகில் கட்டைவிரலால் தள்ளுகிற பல்சக்கரம். அதன் ஓரங்களில் பழைய ஆளின் விரல் தேய்த்துத் தேய்த்துப் பித்தளை வெளுத்திருந்தது. அந்த ஆள் ஒரு நாள் மத்தியானம் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான், திரும்பி வரவேயில்லையாம். ஏன் என்று ஒத்தைத்தோள் கேட்கவில்லை. குவாரியை விட்டுப் போகிறவனிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கேமராவைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருந்த ஸ்டூடியோக்காரம்மா. கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பாள். விரல் பத்தும் படம் கழுவுகிற மருந்தில் ஊறிப் பழுத்திருக்கும்.

"இது பாதிக் கேமராப்பா. வேற கேமரால ஒரு படம் விழுற இடத்துல இதுல ரெண்டு விழும். முப்பத்தாறு ரோல்ல எழுபத்திரண்டு முகம். உங்க மேஸ்திரி இதை ஏன் விடாம வச்சிருக்காருன்னு இப்போ தெரியுதா?"

"கஞ்சம்தானேக்கா?"

"கஞ்சத்துலயும் பெரிய கஞ்சம். எடுத்த வரைக்கும் வெட்டிக் கழுவச் சொல்வாரு. மிச்ச பிலிமைத் திரும்ப உள்ள போட்டுக்கணும். அதனால நல்லா கேட்டுக்கோ. நான் இருட்டுல வெட்டுறவ, கண்ணு தெரியாது, கைதான். கடைசி ஆளை எடுத்ததும் ஒரு பாதி சும்மா விடு. கத்தரிக்கு. இல்லன்னா எவன் மூஞ்சியையாவது குறுக்க வெட்டிடுவேன்."

சும்மா விடுவது எப்படி என்றும் காட்டினாள். இந்தக் கேமராவில் ஒரு படம் எடுக்காமல் அடுத்த படத்துக்கு நகர முடியாது. வெளிச்சம் போதவில்லையென்றால் எடுக்கவும் விடாது: பொத்தானை அமுக்கினால் பார்க்கிற ஜன்னலுக்குள் கீழேயிருந்து ஒரு சிவப்பு நாக்கு எழும்பும், பொத்தான் இறுகிக்கொள்ளும். இருட்டில் படம் வீணாகாதிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அதை ஏமாற்ற, லென்ஸ் வளையத்தை ஒரு திருகு திருக வேண்டும். அப்புறம் நாக்கு எழும்பாது. உள்ளங்கையால் லென்ஸை மூடிப் பொத்தானை அமுக்கினால் டிக்கென்று ஒரு சத்தம். ஒரு பாதி வெறுமனே போய்விடும்.

"மிச்ச பிலிமைத் திரும்பப் போடும்போதும் அப்படித்தான். முன்னாடி ரெண்டு மூணு பாதி மூடி எடுத்துத் தள்ளிடு. வெளிச்சம் பட்ட இடம் போகட்டும்."

அவன் தலையாட்டினான். கை வேலை. கை வேலை அவனுக்குச் சீக்கிரம் வரும்.

*

கொட்டகையின் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்து, அதன் முன்னால் ஆட்களை நிறுத்தினான். உச்சி வெயில். குவாரியில் வெயில் மேலேயிருந்து மட்டும் வராது. நாலு பக்கச் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் எதிரடிக்கும். நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

"ஏம்பா ஒத்தைத்தோளு, அரைப் படம் எடுக்கற கேமராவாமே. அரை ஆளாத்தான் விழுவேனா?"

"உன்னை முழுசா எடுத்தா மிஷினு தாங்காது. நேரா நில்லு."

"பாதி மூஞ்சி போதும்டா. மீதிப் பாதி என் மாமியாருக்கே பிடிக்காது."

கடைசியாக நின்றவன் நெட்டை. துளை போடுகிறவன். குவாரியிலேயே உயரம், குவாரியிலேயே வாய்.

"நான் இதுல அடங்க மாட்டேன். எனக்கு ரெண்டு பாதி குடு."

"பின்னால போ."

"இன்னும் பின்னால போனா சுவத்துக்குள்ள போயிடுவேன்டா."

ஒத்தைத்தோள் கேமரா ஜன்னலில் கண்ணை வைத்தான். நெட்டை தலை தட்டாமல் உள்ளே வந்தான். பொத்தானை அமுக்கினான்.

சிவப்பு நாக்கு எழும்பியது.

கண்ணை எடுத்துப் பார்த்தான். வெயிலில் கண் கூசியது. லென்ஸில் விரல் மறைக்கிறதோ? இல்லை. மறுபடி அமுக்கினான். மறுபடி நாக்கு. கேமராவைக் கொஞ்சம் தள்ளி வெறும் சுவரைப் பார்த்து அமுக்கினான். நாக்கு எழும்பவில்லை, விரல் மட்டும் பாதியில் நின்றது, சுவரை எடுத்து வீணாக்க வேண்டாமே என்று. திரும்ப நெட்டைமேல் கொண்டுவந்தான்.

நாக்கு.

உச்சி வெயிலில் நிற்கிறவனைப் பார்த்து, இங்கே இருட்டு என்றது கேமரா.

"என்னடா, என் அழகைப் பார்த்து மிஷினு மயங்கிடுச்சா? டிரில் சும்மா நிக்குது, சீக்கிரம்."

பழைய கண்ணாடி, இருந்திருந்து மக்கர் பண்ணுகிறது என்று ஒத்தைத்தோள் வளையத்தைத் திருகினான். டிக். அப்புறம் உள்ளங்கையால் மூடி இன்னொரு டிக். கத்தரிக்கு.

*

ஸ்டூடியோவின் பின்னறையில் எப்போதும் ஒரு வாடை. புளித்துப்போன எதுவோ இரும்பில் பட்டதுபோல. ஸ்டூடியோக்காரம்மா பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"கைய வச்சு மூடலையா?"

"மூடினேன்கா."

"அப்போ இது யாரு?"

வெறுமையாய், கண்ணாடிபோல் இருக்க வேண்டிய பாதியில் ஓர் ஆள். அவள் மருந்துத் தட்டில் படம் போட்டுக் காட்டினாள். அவள் தட்டை ஆட்ட ஆட்ட, காகிதத்தில் முதலில் நெட்டை வந்தான், இளித்துக்கொண்டு. நடுவில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இன்னொருவன் வந்தான். தலையில் துண்டு. சட்டை முழுக்கக் கல்தூசி. பாஸ் படத்துக்கு நிற்கிறவன் மாதிரியே கையைத் தொடையோடு ஒட்டி விறைப்பாய் நின்றான். முகம் மட்டும் இல்லை. படம் எடுக்கிற நேரத்தில் தலையை வேகமாய் ஆட்டியவனுக்கு விழுவதுபோல ஒரு வெள்ளைத் தீற்றல்.

"தலைய ஆட்டிட்டான். இன்னொரு தடவை எடுக்கணும்," என்றாள் அவள். பழக்கத்தில் சொன்னது.

அவன் நிற்கிற இடத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இல்லை. கல் இருந்தது.

*

நெட்டை துளை போட்டுக்கொண்டிருந்த, படிபோல வெட்டியிருந்த பாறை ஒரு மத்தியானம் மொத்தமாக இறங்கியது. சத்தம் அடங்கிய பிறகும் தூசி அடங்கவில்லை. எல்லோரும் இருமிக்கொண்டே கத்தினார்கள். தோண்டினார்கள். மேலே இன்னொரு விரிசல் தெரிந்ததும் தோண்ட வேண்டாமென்று கம்பெனியிலிருந்து வந்தவர் கையைத் தூக்கிவிட்டார்.

அதே ஆள் ஆபீசில் உட்கார்ந்து பாஸ் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நெட்டையின் பாஸை எடுத்தார். திருப்பினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"இதுல யாரு இருக்கான்?"

நீளக் கழுத்து இருந்தது. சட்டை இருந்தது. கழுத்துக்கு மேலே வெள்ளைத் தீற்றல்.

"நெட்டைங்க," என்றார் மேஸ்திரி.

"முகமே இல்லாத பாஸை வச்சுக்கிட்டு ஒருத்தன் செத்தான்னு நான் எப்படி எழுதுறது? இது செல்லாது. இந்த ஆள் இங்க வேலை செய்யல." பாஸை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்து போனார்.

நெட்டையின் அம்மா கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கேட்டைத் திறக்கிறவனிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "உயரமா இருப்பான்யா. பார்த்தா தெரியும்யா."

ஒத்தைத்தோள் ஸ்டூடியோவுக்கு ஓடினான். ஸ்டூடியோக்காரம்மா பழைய பிலிம் துண்டை உறையிலிருந்து உருவினாள். "கழுவின நெகட்டிவ் மாறாதுப்பா. அது கல்லு மாதிரி," என்று சொல்லிக்கொண்டே தூக்கிப் பிடித்தவள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

நெட்டையின் பாதியில் முகம் கலைந்திருந்தது.

கத்தரிக்கு விட்ட பாதியில் நின்றவன் தலையை நிறுத்தியிருந்தான்.

புதிதாய்ப் போட்ட படத்தை ஒத்தைத்தோள் மேஸ்திரியிடம் நீட்டினான். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். படத்தில் மெல்லிய மீசை, பெரிய காது, பயந்த கண். தெளிவாக விழுந்திருந்தது அந்த முகம். மேஸ்திரி டீயைக் கீழே வைத்தார்.

"இவனை எங்க பிடிச்ச?"

"யாருண்ணே?"

"பேரு தெரியாது. வேலை கேட்டு ஒரு காலையில வந்தான். அன்னிக்கு ஆள் கம்மி. போட்டோ சாயங்காலம் எடுத்துக்கலாம், இறங்குன்னு இறக்கிட்டேன்." கொஞ்சநேரம் படத்தையே பார்த்தார். "சாயங்காலம் வரல. கீழ்ப் படி அவன் மேலயே உக்காந்துடுச்சு. பாஸ் இல்ல, படம் இல்ல. அப்படி ஒருத்தன் வரவே இல்லன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் சொன்னாங்க. நானும்தான் சொன்னேன்."

"இப்போ அவனுக்குப் படம் இருக்குண்ணே."

"ஆமா."

"நெட்டைக்கு இல்ல."

மேஸ்திரி டீயைத் திரும்ப எடுத்தார். டீயில் தூசி படலமாய் மிதந்தது. அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

ஒத்தைத்தோள் கேமராவைத் துண்டில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினான். நெட்டை கெட்டவனில்லை. அது அவனுக்குத் தெரியும். நெட்டைக்கு ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான். எவன் பக்கத்தில் வெறும் பாதி கிடைக்கிறதோ, அங்கே வந்து நிற்பான்.

*

புது ஆள் வராதவரை பிழைத்தான். வந்தவன் அவன் தம்பி.

சின்னவன் வேலை பார்த்த மில் கதவைச் சாத்திவிட்டது. ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், வயிறு தெரிய ஆரம்பித்திருந்த மனைவி. மூன்றையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நின்றான். நடந்து வந்ததில் அவள் கால் வீங்கியிருந்தது.

"வேற எங்கயாவது பார்க்கலாம்டா," என்றான் ஒத்தைத்தோள்.

"எங்கண்ணே? சொல்லு, போறேன்."

சொல்ல இடமில்லை. பானையைக் கவிழ்த்துச் சுரண்டி இருவருக்கும் வைத்தான். மனைவி தன் தட்டிலிருந்ததைப் பாதி ஒதுக்கிப் புருஷன் தட்டில் தள்ளினாள். அவன் அதைத் திருப்பித் தள்ளினான். கடைசியில் யாரும் பார்க்காத நேரத்தில் அவள்தான் சாப்பிட்டாள்.

மறுநாள் மேஸ்திரி சின்னவனை மேலும் கீழும் பார்த்தார். "கை நல்லா இருக்கு. நெட்டை இடம் காலியாத்தான் இருக்கு. போட்டோ எடுத்துட்டு இறங்கச் சொல்லு."

"அண்ணே, கிரஷர்ல போடுங்க. மேலேயே இருக்கட்டும்."

"மேல ஆள் நிறைஞ்சாச்சு."

"போட்டோ வேணாம்ணே."

மேஸ்திரி அவன் கண்ணைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கிறவனின் குரலில், மெதுவாகக் கேட்டார்.

"அப்போ போட்டோ இல்லாமலே இறக்கிடட்டுமா?"

முகமில்லாமல் இறங்கியவன் கதையை இருவரும் அறிவார்கள். படம் எடுக்காமல் இறங்கினால் அவன் யாருமில்லை. எடுத்துவிட்டு இறங்கினால் பக்கத்தில் ஒருவன் நிற்பான். பின்னால் சின்னவன், "என்னண்ணே, சட்டுனு எடு. முதல் நாளே லேட்டா?" என்று சிரித்தான்.

ஒத்தைத்தோள் யோசித்தான். படிக்காதவன்தான், ஆனால் பாறை எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்தே பிழைத்தவன். அப்படித்தான் இதையும் யோசித்தான். நெட்டை வருவது கத்தரிக்கு விட்ட பாதியில். அது கடைசி ஆளுக்குப் பக்கத்தில். அப்படியென்றால் சின்னவன் கடைசி ஆளாக இருக்கக் கூடாது. கடைசியாக நான் நிற்கிறேன். என் பக்கத்தில் வரட்டும். கோணல் தோளோடு எத்தனை நாள் ஓட்டுவது.

முடிவு செய்ததும் தோள் வலிகூடக் கொஞ்சம் தணிந்ததுபோல் இருந்தது.

கேமராவை எடுத்தான். அதன் முதுகுக் கதவைத் திறந்தான். ஸ்டூடியோக்காரம்மா திருப்பித் தந்திருந்த மிச்ச பிலிமை உருளையில் செருகி, பல்லில் துளை மாட்டுகிறதா என்று பார்த்து, மூடினான். வளையத்தைத் திருகினான். உள்ளங்கையால் லென்ஸை மூடி, டிக், டிக், டிக் என்று வெளிச்சம் பட்ட பிலிமைத் தள்ளினான். வளையத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான்.

சின்னவன் சுவருக்கு முன்னால் நின்றான். தலையை எச்சில் தொட்டு ஒதுக்கினான்.

"நல்லா விழணும்ணே. உன் கொழுந்தியா ஒரு பிரதி கேட்டிருக்கா. எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு படம்கூட இல்ல."

"அவ எனக்குக் கொழுந்தியாளாடா, மடையா. தம்பி பொண்டாட்டி."

"ஏதோ ஒண்ணு. சிரிக்கலாமா?"

"பாசுக்குச் சிரிக்கக் கூடாது."

அமுக்கினான்.

சிவப்பு நாக்கு.

ஜன்னலுக்குள் தம்பியின் கால்தொட்டு நெஞ்சுவரை எழும்பி நின்றது. வெளியே வெயில் கல்லை உடைத்துக்கொண்டிருந்தது. சுவரின் வெள்ளை கண்ணைக் குத்தியது. ஒத்தைத்தோள் கேமராவைத் தாழ்த்தினான். மேஸ்திரி கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்திலிருந்து விசில் கேட்டது.

மூடித் தள்ளின பாதிகளை அவன் எண்ணவேயில்லை. முன்னால் விட்டதை யாரும் எண்ணுவதில்லை. கடைசியாக நான் நிற்கப் போகிறேன், நாக்கு எதற்கோ எழும்பிவிட்டுப் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வளையத்தைத் திருகினான்.

டிக்.

"இப்போ நீ என்னை எடு," என்று கேமராவைத் தம்பி கையில் கொடுத்தான்.

"உனக்கெதுக்கு?"

"எடுடா."

சின்னவன் ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு, அண்ணனை எடுத்தான். "தோளை நேரா வைண்ணே," என்றான். அப்புறம் தன் வேடிக்கையைத் தானே ரசித்துச் சிரித்துக்கொண்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். ஒத்தைத்தோள் உள்ளங்கையால் லென்ஸை மூடி இன்னொரு டிக் அமுக்கினான், கத்தரிக்கு.

*

"இப்பவே கழுவுங்கக்கா. நான் இங்கயே நிக்கிறேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இருட்டறைக் கதவு மூடியது. கத்தரி ஒருமுறை கடித்த சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். அவன் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கதவு திறந்தது. ஈரம் சொட்டும் பிலிமைக் கவ்வியில் பிடித்து வந்து ஜன்னலில் மாட்டினாள்.

"கடைசில பாருங்கக்கா. என் பக்கத்துல."

"ஒண்ணுமில்லப்பா. சுத்தமா இருக்கு. வெறும் பாதிதான்."

அவனுக்கு மூச்சு வந்தது. உட்காரலாம் போலிருந்தது.

"ஆனா," என்றாள்.

அவள் விரல் பிலிமின் அடுத்த முனைக்குப் போயிருந்தது. தம்பிக்கு முன்னால். உள்ளங்கையால் மூடித் தள்ளிய பாதி. அதில் முகம் கலைந்த ஒருவன் நின்றான். சட்டகத்தின் உயரம் போதாமல் தலை அதன் மேல் விளிம்பில் முட்டி, நீளக் கழுத்து மடங்கி, தம்பி பக்கமாகக் குனிந்திருந்தான்.

"கடைசியை மட்டும் பார்த்தியேப்பா," என்றாள். "மொதல்லயும் ஒரு பாதி இருக்கே."

பிலிமிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோதே தம்பியின் முகம் அசைந்தது.

ஈர மையைக் கட்டைவிரலால் தேய்ப்பதுபோல, முதலில் வாய் கலைந்தது. அப்புறம் கண்.

பக்கத்துப் பாதியில் நெட்டை மெதுவாகத் தலையை நிறுத்தினான். முகம் தெளிந்தது. அதே இளிப்பு.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குவாரிப் பக்கமிருந்து, மண்ணுக்குள்ளே உருண்டு வருகிற மாதிரி, ஒரு நீளமான சத்தம்.

ஒத்தைத்தோள் ஓடவில்லை. ஓடி என்ன செய்ய? காலுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

*

கம்பெனி ஆள் மறுபடி வந்தார். பாஸ் பெட்டி மறுபடி வந்தது. இந்தமுறை நெட்டையின் பாஸ் மேலேயே கிடந்தது. அதில் நெட்டை பளிச்சென்று இளித்துக்கொண்டிருந்தான்.

"இதைத்தானே அன்னிக்குத் தெரியலன்னு சொன்னீங்க?" என்றார் மேஸ்திரி.

கம்பெனி ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. வீட்டுக்காரங்களை வரச் சொல்லு." நெட்டையின் பெயரை எழுதிக்கொண்டார். அவன் அம்மாவைக் கேட்டுக்கு உள்ளே விட்டார்கள். மகன் செத்தான் என்று சொன்னதற்கு அவள் அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டாள்.

அப்புறம் சின்னவன் படத்தை எடுத்தார். ஸ்டூடியோவிலிருந்து வந்ததும் பாஸில் ஒட்டின பசைகூட முழுக்கக் காயவில்லை. வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல யாரு இருக்கான்?"

மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் தம்பிங்க," என்றான் ஒத்தைத்தோள். "என் கூடப்பிறந்தவன்ங்க. நானே எடுத்தது."

"நீ எடுத்தா? சரியா எடுத்திருக்க வேண்டியதுதானே."

கல்லை யாரும் புரட்டவில்லை.

வீட்டில் சின்னவன் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் கட்டிவிட்டிருந்தது. அவன் வாசலில் நின்றான். உள்ளே போகக் கூசியது.

"மாமா, அந்தப் போட்டோ எடுத்தீங்களே. அவரு எனக்கு ஒண்ணு சொல்லியிருந்தாரே."

"ம்."

"குடுங்க மாமா. நாளைக்கு இது பொறந்து, அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்? இப்பவே ராத்திரி கண்ணை மூடினா அவரு மூஞ்சி சரியா வரமாட்டேங்குது மாமா. கழுத்து வரைக்கும்தான் வருது."

சட்டைப் பையில் அந்தப் பிரதி இருந்தது. எடுக்கவில்லை. அவனுக்கும் அப்படித்தான். கூடவே வளர்ந்த முகம். ஒரே தட்டில் சாப்பிட்ட முகம். நினைத்தால் துண்டு வருகிறது, எச்சில் தொட்டு ஒதுக்கிய முடி வருகிறது. நடுவில் வெள்ளைத் தீற்றல்.

"பார்க்கிறேன்மா," என்றான்.

கேமராவை உடைக்கக் கல் எடுத்தான். கிணற்றில் போட நினைத்தான். இரண்டையும் செய்யவில்லை. உள்ளே மிச்ச பிலிம் இருந்தது. அதில் எங்கோ ஒரு வெறும் பாதியில் தம்பி நின்றுகொண்டிருப்பான், கையைத் தொடையோடு ஒட்டி, தலையை ஆட்டிக்கொண்டு. அதை எப்படி உடைப்பது?

அவள் எத்தனை நாள்தான் சுவரில் சாய்ந்திருப்பாள்? வயிறு கேட்கிறதல்லவா, அதுவும் இரண்டு வயிறு. ஒத்தைத்தோளின் சாப்பாடு அவனுக்கே பத்தாது. ஒருநாள் காலையில் அவன் ஆபீசுக்குப் போனபோது, அவள் அவனுக்கு முன்பே வந்து கொட்டகை நிழலில் நின்றிருந்தாள். மேஸ்திரி அலமாரியைத் திறந்து வைத்திருந்தார்.

"கல்லு பொறுக்கற வேலை. பள்ளத்து ஓரமாத்தான். உக்காந்தே செய்யலாம்," என்றார் மேஸ்திரி, அவன் முகத்தைப் பார்க்காமல். "போட்டோ மட்டும் எடுத்துடு."

"வேணாம்மா. வீட்டுக்குப் போ."

"வீட்டுல என்ன இருக்கு மாமா?"

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

மேஸ்திரி சொல்லவில்லை. சொல்ல அவரிடம் இருந்த ஒரே கேள்வியை அவர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டுவிட்டார்.

அவள் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றாள். தோளைச் சுற்றிப் போட்டிருந்த துணியைச் சரிசெய்தாள். உச்சிக்கு வந்துவிட்ட வெயில். சுவரில் ஒரு புள்ளி நிழலில்லை. அவன் பிலிமைத் தள்ளினான். உள்ளங்கை லென்ஸை மூடியிருந்தபோது, மூடிய கைக்குள்ளே யாரோ மூச்சு விட்டதுபோல் சூடாக இருந்தது.

ஜன்னலில் கண்ணை வைத்தான். அவள் ஓரத்தில் தெரிந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம்.

"நடுவுல நில்லும்மா."

"நடுவுலதான் மாமா நிக்கிறேன்."

கண்ணை எடுத்துப் பார்த்தான். நடுவில்தான் நின்றாள். மறுபடி ஜன்னலில் வைத்தான். ஓரம்.

அவள் உடம்பு மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. சாய்வதற்கு அங்கே எதுவுமில்லை. ஆனாலும் விழவில்லை. தோள்மேல் கிடந்த துணி, காற்றில்லாத அந்த வெயிலில், விரல்விரலாக அமுங்கியது. ஐந்து விரல். மெல்லிய வெள்ளைத் தூசி துணியிலிருந்து உதிர்ந்தது.

அவள் முகத்தில், அந்தச் சாவுக்கு அப்புறம் முதல் தடவையாக, ஒரு நிம்மதி வந்தது.

"மாமா, பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?" என்று கேட்டாள், தலையைத் திருப்பாமல்.

"இல்லம்மா."

"எடுங்க மாமா. அசையாம நிக்கிறேன்."

அவன் கட்டைவிரல் லென்ஸ் வளையத்தைத் தொட்டது. எடுத்தால் அவள் போவாள், வயிற்றில் இருப்பதும் போகும். எடுக்காவிட்டால் மேஸ்திரி முகமில்லாமல் அவளை இறக்குவார். கொட்டகை வாசலில் மேஸ்திரி காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். அவள் பக்கத்தில் நின்றவனும் காத்திருந்தான்.

அவன் கை நடுங்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாயிருந்தது.

சின்னவனுக்கு ஒரு படம் பாக்கி.